சுருட்டின் மூன்றாம் பங்கு

டீ நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர் சார். சர்க்கரையை அளவாகப் போட்டிருக்கிறீர்கள். பல இடங்களில் டீ என்ற பெயரில் பாகு காய்ச்சிக் கொடுத்துவிடுகிறார்கள்.

நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். சுருட்டுத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாக நான் ருசி பார்ப்பவன். பெட்டியில் அடுக்கும் முன்பு ஒவ்வொரு வகையிலும் ஒன்றைப் பற்றவைத்து, சரியாக வந்திருக்கிறதா என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. இலை பிரிக்கும் பெண்கள் முதல் முதலாளி வரை என்னை 'மூக்கு' என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்கு சரி என்றால்தான் பெட்டி மூடப்படும். பிறந்தபோது வைத்த பெயரைவிட எனக்கு அந்தப் பெயர்தான் பெரிது.

போன வருடம் ஒரு காய்ச்சல் வந்தது. நான்கு நாளில் போய்விட்டது. போகும்போது என் மூக்கின் வாசனையையும் நாக்கின் ருசியையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. யாரிடமும் சொல்லவில்லை, சம்சாரத்திடம்கூட. பயம், சார். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பதினொரு மாதம் தினமும் ருசி பார்க்கும் அறைக்குப் போய் உட்காருவேன். மேல் இலையின் நிறத்தைப் பார்ப்பேன், சாம்பலைப் பார்ப்பேன், முன்பு நான் எழுதிய ருசித் தாள்களைப் புரட்டுவேன். மிளகு, பதப்படுத்திய தோல், வறுத்த காபிக்கொட்டை என்று எதையாவது எழுதிவைப்பேன். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மாப்பிள்ளைக்கு வந்தது.

மாப்பிள்ளை என்றால் என் தங்கை வீட்டுக்காரர். எங்கள் தொழிற்சாலையிலேயே தரம் பார்க்கும் மேலாளர். நான்தான் சிபாரிசு செய்து சேர்த்துவிட்டேன்.

அன்று மூன்று மணிக்கு ருசி அறைக்கு வந்தார். அந்த அறையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வெளிவாசனை நுழையாமல் ரப்பர் வைத்து அடைத்த கனமான கதவு, ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சுவரில் கடிகாரம், வாய் கொப்பளிக்கத் தண்ணீர், ஒரு கிண்ணத்தில் சர்க்கரைக் கட்டிகள். செல்போனை வெளியிலேயே வைத்துவிட வேண்டும். வாசலில் சிவப்பு விளக்கு எரிந்தால் முதலாளியே வந்தாலும் கதவைத் தொடமாட்டார்.

"போன வாரம் நீங்க எழுதின தாள் மச்சான்," என்று மேசைமேல் வைத்தார். "காட்டம், மிளகுன்னு போட்டிருக்கீங்க. நம்மகிட்ட இருக்கறதுலயே சாதுவான சரக்கு அது. காட்டமானதுக்குச் சுத்தற கறுப்பு இலைய மேல சுத்தி நான்தான் அனுப்பினேன்."

அந்தத் தாளை எடுத்து மறுபடி வாசித்தேன்.

"சண்டை போட வரல மச்சான். எத்தனை நாளா இப்படி? நாளைக்கு முதலாளிகிட்ட நானே பக்குவமா சொல்றேன். கிடங்குல வேற வேலை போட்டுக் குடுப்பாங்க."

நல்ல மனுஷர், சார். அவர் கத்தியிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

இன்னொரு தடவை பார்க்கலாம் என்று கெஞ்சினேன். அவரும் சரி என்றார். அசல் காட்டமான சுருட்டு இரண்டு, கட்டைவிரல் தடிமன், எடுத்துவந்தார். ஒன்றை அவரே பற்றவைத்துக்கொண்டார். அவருக்குத் தெரிகிற ருசி எனக்குத் தெரியவில்லை என்றால் ஒத்துக்கொள்ள வேண்டும், அதுதான் பேச்சு. அவருக்குப் புகைபிடிக்கும் பழக்கம் கிடையாது. மதியம் சாப்பிடவும் இல்லை.

காட்டமான சுருட்டை மூன்று பங்காகப் பார்க்க வேண்டும், சார். புகையை விழுங்கக் கூடாது. வாயில் நிறுத்தி, கொஞ்சத்தை மூக்கு வழியாக விட வேண்டும். நிமிடத்துக்கு ஓர் இழுப்பு. அவசரப்பட்டால் சூடேறிக் கசந்துவிடும். முதல் பங்கு சாதுவாக இருக்கும், நடுப்பங்கில் கனம் ஏறும், மூன்றாம் பங்கில்தான் அது தன் சுயரூபத்தைக் காட்டும். ஒவ்வொரு பங்கு தொடங்கும்போதும் தாளில் மணி எழுத வேண்டும். மூன்று பத்து என்று எழுதிவிட்டு ஆரம்பித்தேன்.

மூன்று முப்பத்தைந்துக்கு நடுப்பங்கு. அப்போது அவர் முகம் வெளுத்து, சட்டை நனைய வியர்த்தது. வெறும் வயிற்றில் காட்டம் ஏறினால் யாருக்கும் அப்படி வரும். நாக்கடியில் ஒரு சர்க்கரைக் கட்டி வைத்தால் பத்து நிமிடத்தில் சரியாகிவிடும். நல்ல மனசோடுதான் முதல் கட்டியைக் கொடுத்தேன்.

பத்து நிமிடம் ஆனது. சரியாகவில்லை.

"மச்சான், தாடை வலிக்குது. இடது கையத் தூக்க முடியல. டாக்டரக் கூப்பிடுங்க."

எத்தனையோ பேர் அந்த நாற்காலியில் தலைசுற்றி விழுவதைப் பார்த்திருக்கிறேன். ஒருவருக்கும் தாடை வலித்ததில்லை. அது மாரடைப்பு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

"காட்டம்தான் மாப்ள. முதல் தடவை அப்படித்தான் இருக்கும்," என்று இன்னொரு கட்டியை அவர் வாயில் வைத்தேன்.

"நீங்க சொன்னா சரி," என்றார். மூக்கு சொன்னால் எல்லோரும் நம்புவார்கள்.

கதவுக்கு நான்கு எட்டு வைத்தால் போதும். எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் அவர் பிழைத்தால் நாளை முதலாளி அறையில் போய் உட்காருவார். அதை நினைத்ததும் நாற்காலியிலேயே இருந்துவிட்டேன். அடுத்த நிமிடம் வந்துவிட்டது. பழக்கதோஷத்தில் ஓர் இழுப்பு இழுத்தேன்.

மிளகு, சார். நாக்கு நுனியில் சுருக்கென்று. அதற்குப் பின்னால் தோல். பதினொரு மாதம் கழித்து. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அசைந்தால் போய்விடுமோ என்று பயந்துபோய் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

நான்கு மணி இரண்டு நிமிடத்துக்கு மூன்றாம் பங்கு. அவர் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் கிடந்தார். கண் என்மேலேயே இருந்தது. கருகிய சர்க்கரை, ஈரமண், கடைசியில் லேசான கசப்பு என்று எழுதினேன். நல்ல சுருட்டை நசுக்கி அணைக்கக் கூடாது, தானாக அணைய விட்டுவிட வேண்டும். அது அணைந்தபோது நான்கு இருபத்தைந்து. பிறகு கதவைத் திறந்து ஆட்களைக் கூப்பிட்டேன்.

"கடைசி நேரத்துல நீ பக்கத்துல இருந்தியேண்ணா, அதுவே போதும்," என்று தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பத்து நாள் கழித்து அவர் மேசையைக் காலி செய்ய வந்தவள் கோப்பில் அந்தத் தாளைப் பார்த்துவிட்டாள். அழவில்லை. ஒன்றுதான் கேட்டாள்.

"நாலு மணி ரெண்டு நிமிஷத்துக்கு அவர் எங்கண்ணா இருந்தாரு?"

அந்தத் தாள்தான் இப்போது உங்கள் கையில் இருக்கிறது. ஆகவே மறைக்க ஒன்றுமில்லை. டாக்டரைக் கூப்பிட்டிருந்தால் பிழைத்திருக்கலாம். நான் கூப்பிடவில்லை, சாக விட்டேன். ஆனால் ஒன்று, அவர் என்னைப் பற்றிச் சொல்ல வந்தது இப்போது உண்மையில்லை. ருசி திரும்பிவிட்டது. எந்த நிபுணரிடமும் அந்தத் தாளைக் காட்டிக் கேளுங்கள்.

ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்?

"உங்க டீல சக்கரையே போடலையே. எனக்கு சுகர். இந்த ஸ்டேஷன்ல சக்கரை வாங்கறதே இல்ல."

இருக்காது, சார். அந்தத் தம்ளரைக் கொஞ்சம் இப்படிக் கொடுங்கள். இன்னொரு மடக்குக் குடித்துவிட்டுச் சொல்கிறேன்.