இடைவேளைக்கு முன் வரும் குரல்

நான் எந்த வீட்டுக்கும் வெறுங்கையோடு போகிறவன் அல்ல. பாடகியின் வீட்டுக்குச் சென்ற பத்தொன்பது முறையும் பழம் வாங்கிச் சென்றேன். அவருடைய தங்கையைக் கேட்டாலும் அதை மறுக்கமாட்டார்.

பாடகியின் வாழ்க்கையை இசை நாடகமாக எழுதும் பணி என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. முதல் பாதியில், கடைசிக் காட்சி தவிர, சிக்கல் இல்லை. இடைவேளைக்கு முந்தைய அந்தக் காட்சி, எல்லோரும் அறிந்த அந்த மாலையில் நடக்கவேண்டும். அவருக்கு ஆர்மோனியம் வாசித்துவந்த ஒரே மகன், கச்சேரிக்கு வரும் வழியில் விபத்தில் இறந்துபோகிறான். ஒப்பனை அறையில் செய்தி சொல்லப்படுகிறது. அரை மணி நேரம் கழித்து அவர் மேடையேறிப் பாடுகிறார். பாடியதைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். அந்த அறையில் நடந்ததை யாரும் எழுதவில்லை. விமரிசனம் பயின்றவன் என்ற முறையில் அந்த இடைவெளி என்னை உறுத்தியது.

நான் சந்தித்தபோது அவருக்கு எண்பத்தொரு வயது; நினைவு அறுந்து அறுந்து ஓடியது. தங்கை வாசலிலேயே என்னிடம் சொன்னார்: "பையன் எங்கன்னு கேப்பா. வெளியூர் போயிருக்கான், நாளைக்கு வந்துடுவான்னு சொல்லிடுங்க தம்பி. நாங்க எல்லாரும் அதைத்தான் சொல்றோம். உண்மையச் சொன்னா இதயம் தாங்காதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

பாடகி கலகலப்பானவர். "என் வேஷம் கட்டுற பொண்ணு எப்படி, ஒல்லியா?" என்று விசாரித்தார்.

"ஆமாம்மா."

"அப்போ முதல்ல அவளுக்கு நல்லா சாப்பாடு போடுங்க. காத்தடிச்சா பறக்கிறவளுக்குப் பாட மூச்சு எங்கேருந்து வரும்?" பிறகு அதே சிரிப்போடு கேட்டார்: "பையன் எங்க போனான்?"

தங்கை சமையலறையில் இருந்தார். ஆய்வாளன் பொய் சொல்லலாகாது என்று கருதினேன். "இறந்துட்டாரும்மா. முப்பது வருஷம் ஆச்சு."

அவர் அழவில்லை. அடிவயிற்றிலிருந்து ஓர் ஒலி எழுந்தது. சுருதி பிசகாமல் நீண்டு, நடுவில் முறிந்தது. பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருந்தது. என்ன சத்தம் என்று ஓடிவந்த தங்கையிடம், பழைய பாட்டொன்றைப் பாடிக் காட்டினார் என்றேன். தேநீர் வருவதற்குள் பாடகி எல்லாவற்றையும் மறந்து, எனக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை என்பதை அப்போதே குறித்துக்கொண்டேன்.

இசையமைப்பாளர் பதிவை இரண்டு முறை ஓட்டிக் கேட்டார். "இதுதான் சார் நம்ம இடைவேளை. ஆனா பின்னால ஃபேன் சத்தம் கேக்குது" என்றார்.

அடுத்த முறை மின்விசிறியை நிறுத்திவிட்டு மறுபடியும் சொன்னேன். நான்காம் முறை மெதுவாக, ஏழாம் முறை சட்டென்று. ஒவ்வொரு முறையும் அவருக்கு அது முதல் முறை. எந்த நடிகையிடமும் எதிர்பார்க்க முடியாத தன்மை அது. கதாநாயகியை ஒருநாள் உடன் அழைத்துச் சென்றேன். வெளியே வந்தவள் செருப்பை மாட்டத் தெரியாமல் நின்றாள். "நீங்கல்லாம் மனுஷனா சார்?" என்று கேட்டுவிட்டு நாடகத்திலிருந்தே விலகிவிட்டாள். தொழில்பற்று குறைவு. வேறு நடிகை கிடைத்தாள்.

பத்தொன்பதாம் முறை பாடகி மகனைப் பற்றிக் கேட்கவில்லை. காத்திருந்தேன். அப்படியொருவன் இருந்ததே அவர் நினைவிலிருந்து கழன்றுபோயிருந்தது. முகத்தில் நான் அதுவரை காணாத நிம்மதி. எனக்கோ, குரல் முறியும் இடம் இன்னும் தெளிவாகக் கிடைக்கவில்லை.

ஆகவே மகனின் பழைய புகைப்படங்களை எடுத்துக் காட்டினேன். அவனுக்குப் பல் முளைத்தது, காய்ச்சலில் அவர் மடியை விட்டு இறங்க மறுத்தது, ஆர்மோனியத்தில் விரல் எட்டவில்லையென்று கோபித்துக்கொண்டது. முன்பு அவரே சொன்னவற்றையெல்லாம் பொறுமையாக அவருக்குத் திருப்பிச் சொன்னேன். முக்கால் மணி நேரம் பிடித்தது. முகம் மெல்ல மலர்ந்தது.

"என் பையன். எப்ப வருவான் தம்பி? பசியோட வருவானே" என்று எழப்போனார்.

கையைப் பிடித்து உட்காரவைத்துச் சொன்னேன்.

ஒலி முறிந்தது. அதன்பின் மூச்சு வரவில்லை. தங்கையைக் கூப்பிடும் முன், கருவியை நிறுத்திப் பையில் வைத்தேன். நீங்கள் கைப்பற்றியிருப்பது அதைத்தான்.

ஆம், மருத்துவரின் எச்சரிக்கை தெரிந்தேதான் செய்தேன். மறைப்பதற்கு ஏதுமில்லை. ஒன்றை மட்டும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்: சாகும்போது அவருக்குத் தன் மகன் நினைவில் இருந்தான். அவனை அவருக்கு மீட்டுக் கொடுத்தவன் நான்.