ரெண்டு செவப்பு ஹெல்மெட்டு

வாஜித்து, நல்லா இருக்கியாப்பா. ஹெல்மெட்ட வெயில்ல காய வெக்கக் கூடாது, உள்ள இருக்கற தெர்மாகோலு கெட்டுப் போவும்னு என்னாண்ட ஒரு தடவ சொன்ன இல்ல, அத நா இப்ப தெருவுல போற வர்றவங்களுக்கெல்லாம் சொல்லிக்கினு இருக்கேன். பால்காரன் கூட, "இன்னா ஆயா, ஹெல்மெட்டு கடை போட்டுட்டீங்களா"ன்றான். ரெண்டு வெரலால தான் டைப்பு அடிக்கறேன், தப்பு இருந்தா கண்டுக்காத.

நேத்து உன் பொண்டாட்டி பௌசியா வந்திச்சு. நீ கடைய மூடப் போறியாம். "நா வித்த ஹெல்மெட்டு தான் அன்புவ கொன்னுடுச்சு"ன்னு சொல்லிக்கினு சோறு கூட சரியா துன்றதில்லியாம். கள்ளக்குறிச்சில கியரு சைக்கிளுக்குன்னு இருக்கறதே உன் ஒரு கடை தான். அத மூடறது நல்லா இல்ல. அதான் எழுதறேன். நீ கடைசியா வித்த ஹெல்மெட்டு மேல ஒரு கொறையும் கெடையாது. அது இன்னும் எந்தத் தலைலயும் ஏறல. என் பீரோல பட்டுப் பொடவைக்கு அடில இருக்குது. வேணும்னா வந்து எடுத்துக்கினு போ.

கொழம்பாத, மொதல்லருந்து சொல்றேன்.

என் மாப்ள அன்புச்செல்வன் தங்கமான மனுசன். குடி கெடையாது, எதுத்து ஒரு வார்த்த கெடையாது. ஞாயித்துக்கெழமையானா உன்னோட சேந்து கச்சிராயபாளையம் வழியா கல்வராயன் மலைக்கு மிதிச்சுக்கினு போறது ஒண்ணு தான் பைத்தியம். கார்த்திக மாசம் வெள்ளிமலையாண்ட சறுக்கி வுழுந்தாரே, தலைல ஒரு சிராய்ப்பு இல்ல. வூட்டுக்கு வந்து ஹெல்மெட்ட கழட்டி என்னாண்ட காட்னாரு. வெளிய வலது பக்கம் ஒரு கீறலு. உள்ள பஞ்சு பட்டைய பிச்சா தெர்மாகோலுல முடி கனத்துக்கு ஒரு கோடு.

"அத்தை, இது ஒரே ஒரு அடிக்கு தான். வாங்க வேண்டியத வாங்கிடுச்சு. பாக்க புதுசாட்டம் இருக்கும், ஆனா இனிமே இதுக்கும் துண்டுக்கும் வித்தியாசம் இல்ல. தாடைல மாட்ற வார அறுத்துட்டு கல்ல போட்டு ஒடச்சுடுங்க. முழுசா குப்பைல போட்டா எவனாச்சும் எடுத்து மாட்டிக்குவான்"னாரு.

நா படிச்சது அஞ்சாவது. ஆனா யாராச்சும் வெளக்கி சொன்னா நல்லா புடிச்சுக்குவேன். வுழுந்தா அன்னிக்கே மாத்தணும், வுழாட்டியும் சில வருசத்துல மாத்தணும், எல்லாம் அவரு சொல்லி தெரிஞ்சுக்கினது தான். ஒடைக்க மட்டும் மனசு வரல. வாங்கி நாலு மாசம் கூட ஆவல. அலசி பரண்ல வெச்சேன். அப்ப எனக்கு வேற எண்ணமே கெடையாது.

அந்த வாரம் தான் கோயம்புத்தூரு பேச்சு வந்திச்சு. அங்க ஒரு சைக்கிளு கம்பெனில வேல கெடச்சிருக்கு, தை பொறந்ததும் இலக்கியாவையும் பாப்பாவையும் கூட்டிக்கினு போறேன்னாரு. இலக்கியா எனக்கு ஒரே பொண்ணு. அவங்கப்பா போனதுக்கு அப்பால அவ நடமாடறதால தான் இந்த வூடு வூடா இருந்திச்சு. நா அழல, சண்ட போடல. "இங்கயே இருங்களேன் மாப்ள"ன்னேன். "நீங்களும் வந்துடுங்க அத்தை"ன்னாரு. நா எதுக்கு வரணும்? நெலம் இருக்குது, மாடு இருக்குது.

அப்ப தான் உன் கடைலருந்து புது ஹெல்மெட்டு வந்திச்சு. அதே கம்பெனி, அதே செவப்பு. எங்க வூட்ல புதுசா எது வந்தாலும், மிக்சியே ஆனாலும், சாமி முன்னாடி வெச்சு மஞ்சா குங்குமம் வெக்காம தொட மாட்டோம். உனக்கு தெரியாததா, உன் கடை வாசல்லயே எத்தினி பேரு சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கி இருப்பாங்க. "குடுங்க மாப்ள, சாமிக்கு வெச்சுட்டு தரேன்"னு வாங்கிக்கினேன்.

பரண்ல இருந்த பழச எறக்கி, புதுசுல இருந்த பஞ்சு பட்டைய பிச்சு அதுக்குள்ள ஒட்டினேன். கோடு மறஞ்சிச்சு. வெளிய இருந்த கீறலு மேல மஞ்சாள கெட்டியா கொழச்சு தடவி, நடுவுல குங்குமம் வெச்சேன். கல்யாணப் பொண்ணாட்டம் அழகா இருந்திச்சு.

"இன்னா அத்தை இது, மலைல கொரங்கெல்லாம் கையெடுத்து கும்புடும்"னாரு.

"கும்புடட்டும். தொடைக்காதீங்க, அதுவா போவட்டும்"னேன்.

பெரியவங்க வெச்சத தொடைக்கற புள்ள இல்ல அவரு. நீ கூட சாமி ஹெல்மெட்டுன்னு கிண்டல் பண்ணியாமே.

மார்கழில படிப்புல, வேலைல ஒதுக்கீடு கேட்டு ரோட்டுல மறியல் பண்ணிக்கினு இருந்தாங்க இல்ல, அன்னிக்கு பஸ்ஸு ஓடல. "மலைல ஒரு வண்டி இருக்காது அத்தை, ரோடு பூரா எங்களுக்கு தான்"னு குஷியா கெளம்பினாரு. நா டீ போட்டு குடுத்தேன். வாரு தொங்கிக்கினு இருந்திச்சு, இழுத்து சரியா மாட்டி வுட்டேன். எறக்கத்துல ஜல்லி வாரி வுட்டு கல்லு மேல வுழுந்தப்ப நீ தான பக்கத்துல இருந்த. "இதவிட ஜாஸ்தியா வுழுந்து எழுந்தவன், இந்த அடிக்கா போவணும்"னு ஆஸ்பத்திரி வாசல்ல தலைல அடிச்சுக்கினு அழுத. நா தான் உன் முதுக தடவி குடுத்தேன்.

சாவணும்னு நா நெனக்கலப்பா. லேசா அடிபட்டு ஒரு ஆறு மாசம் படுத்தா அந்த வேல போயிடும், வூட்லயே வெச்சு நல்லா பாத்துக்குவேன், அவ்ளோ தான் எண்ணம். ஆனா எவ்ளோ தாங்கும்னு தெரியாம ஒருத்தருக்கு குடுக்கக் கூடாது இல்ல. அதனால மஞ்சா கொழைக்கறதுக்கு முன்னாடியே, பழசுக்குள்ள ஒரு தேங்காய வெச்சு, வார இறுக்கி கட்டி, இடுப்பு ஒசரத்துலருந்து தொவைக்கற கல்லு மேல போட்டு பாத்தேன். தேங்கா ரெண்டா போச்சு. வீணாக்குவானேன்னு சட்னி அரச்சேன். மாப்ள ரெண்டு தடவ கேட்டு போட்டுக்கினாரு. சாப்ட்டு முடிச்சு அவரு கை கழுவ போன அப்பால தான் மஞ்சா கொழச்சேன்.

நீ கடைய தொற. ஒரு தடவ வுழுந்தா மாத்திடுங்கன்னு பெருசா போர்டு எழுதி மாட்டு. இந்த மெசேஜ யாராண்ட வேணா காட்டு, போலீஸு வந்தாலும் நா இதையே தான் சொல்லுவேன்.

போன வாரம் ஒதுக்கீடு வந்துடுச்சுன்னு தெருவுல வெடி வெச்சாங்க. இலக்கியா திரும்பிக் கூட பாக்கல. சொவத்த பாத்து படுத்தவ தான், பேச்சு நின்னு ரெண்டு மாசம் ஆவுது. பாப்பா போயி "அம்மா"ன்னு ஒலுக்கினாலும் கண்ணு அசையறதில்ல. குளிப்பாட்டறது, தல வாரறது, ஊட்டி வுடறது எல்லாம் நா தான். ரெண்டு வாய் வாங்கிக்கறா. இந்த நெலமைல இருக்கற பொண்ண கோயம்புத்தூர்ல யாரு இப்டி பாத்துப்பாங்க, நீயே சொல்லு.