செல்லூரில் உண்ட ஆறு கரண்டி

ஒரு காலத்தில் இரண்டு நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டு வீற்றிருந்து, இன்று ஒரே நாற்காலியில் அமர்ந்தும் பக்கத்தில் ஒரு பூனைக்கு இடம் விட்டிருக்கும் அவைத்தலைவர், ஓய்வுபெற்ற வட்டாட்சியர் கிருஷ்ணபிரசாத் ஐயா அவர்களே! எங்கள் தட்டுகளை அளந்து, எங்கள் பொய்களை அதைவிடத் துல்லியமாக அளக்கும் உணவு ஆலோசகர் மாதங்கி அம்மையார் அவர்களே! வயிற்றைக் குறைத்தும் வாய்ப்பேச்சைக் குறைக்காத பெரியோர்களே! கணவன் தட்டில் மிஞ்சியதை வீணாக்கக் கூடாதென்று தம் தட்டில் ஏற்றிக்கொள்ளாமல் இரண்டாண்டுகள் நோன்பு காத்த தாய்மார்களே! தல்லாகுளத்தின் வடைக்கடைகள் அத்தனையையும் கடந்து, வழிதவறாமல் இம்மண்டபம் வந்து சேர்ந்த, வயிறு சுருக்கும் சிகிச்சை செய்துகொண்டோர் சங்கத்துச் சகோதரர்களே! உங்கள் ஒவ்வொருவருக்கும் வாடிப்பட்டி உக்கிரபாண்டியின் வணக்கம்.

நூற்று நாற்பத்திரண்டு கிலோவாக இருந்த நாளில் நான் இந்த மேடையில் ஏறியிருந்தால், பேச்சு முடியும் முன்பே மேடை முடிந்திருக்கும். இன்று எண்பத்தெட்டு. குறைந்திருப்பது ஐம்பத்து நான்கு கிலோ! அது என் துணைவியார் முனீஸ்வரியின் எடை. அவரைச் சுமந்துகொண்டே இருபத்தாறு ஆண்டுகள் வயலுக்கும் வாய்க்காலுக்கும் நடந்திருக்கிறேன் என்பது இறக்கி வைத்த பிறகுதான் தெரிந்தது. முன்வரிசையில் முறைக்க வேண்டாம் முனீஸ்வரி, பெருமையாகத்தான் சொல்கிறேன்.

என்ன அங்கே? "அம்புட்டும் டாக்டர் குறைச்சதுதானேண்ணே"யா? நல்ல கேள்வி. டாக்டர் என்ன செய்தார்? என் வயிற்றைச் சிறு கிண்ணமாகச் சுருக்கினார். குடலைக் கொண்டுவந்து அதோடு இணைத்தார். இரண்டு மணி நேரத்தில் கையைக் கழுவிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். அடுத்த இரண்டாண்டுகள் யார் செய்தது? இரண்டு வாரம் தெளிந்த நீராகாரம் குடித்தது யார்? அடுத்த இரண்டு வாரம் பல் இருந்தும் பல்லில்லாதவனாய்க் கூழ் உண்டது யார்? ஒரு வாய்ப் பருப்பை இருபத்தைந்து முறை மென்றது யார்? உணவோடு நீர் கூடாது என்று அரை மணி நேரம் செம்பைப் பார்த்துக்கொண்டே தாகத்தோடு உட்கார்ந்திருந்தது யார்? நான்காம் மாதம் முடி கொட்டியது, கலங்கவில்லை. எட்டாம் மாதம் தோல் தொங்கியது. மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். பதினோராம் மாதம் எடை எந்திரத்தின் முள் ஓரிடத்தில் நின்று, ஆறு வாரம் அசைய மறுத்தது. அரசு அலுவலகக் கோப்புகூட அதற்குள் ஒரு மேசை நகர்ந்திருக்கும். ஐயா அவர்கள் மன்னிக்க வேண்டும்.

இவ்வளவையும் தாங்கிய நான் ஒரே ஓர் இடத்தில் தோற்றேன். ஊருக்கு உண்மையைச் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? வெட்கம், தோழர்களே, வெட்கம்! வயலில் நாற்பது மூட்டை ஏற்றி இறக்கிய குடும்பத்தில், சோற்றைக் குறைக்கத் தெரியாமல் ஆஸ்பத்திரிக்குப் போனான் என்று சொல்வார்களே! ஆகவே நானும் முனீஸ்வரியும் கூடி ஆலோசித்து, நடைப்பயிற்சி என்று அறிவித்தோம். வாடிப்பட்டி நம்பியதா? டீக்கடையில் அருண்பாண்டி கேட்டான்: "என்னண்ணே, சுகரா?"

"இல்ல மாப்ள, நடக்குறேன்."

"எங்க, காசிக்கா?"

அதோடு விட்டானா? நான் தெருமுனை திரும்புமுன்னே என் காதுபடச் சொன்னான்: "சுகரெல்லாம் இம்புட்டு இழுக்காது. அண்ணே பெருசா எதையோ மறைக்கிறாரு."

அந்த வேளையில்தான் என் மகன் சூரியபிரகாஷுக்குப் பெண் அமைந்தது. செல்லூரில் விசைத்தறி வைத்திருக்கும் அழகுராஜாவின் மகள் சத்யப்ரியா. பொறியியல் படித்த பெண். என் மகனை இரண்டு முறை பார்த்துப் பேசி, அதன் பிறகும் சரி என்று சொன்ன தைரியசாலி. மகனுக்கோ அந்தப் பெண்ணைத் தவிர வேறு நினைப்பில்லை. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று: பெண் வீட்டில் நாங்கள் கை நனைக்க வேண்டும்.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்கா தெரியாது? பேச்சு முடியும்வரை பெண் வீட்டில் பச்சைத் தண்ணீர் தொடமாட்டோம். இலையில் உட்கார்ந்து உண்டுவிட்டால் சம்மதம். உண்ணாமல் எழுந்தால் சம்மதமில்லை. பத்திரம் தேவையில்லை, சாட்சி தேவையில்லை. மாப்பிள்ளையின் தகப்பன் வயிறுதான் கையெழுத்து! அப்படிப்பட்ட பொறுப்புமிக்க பதவிக்கு, சிறு கிண்ணத்து வயிற்றோடு, உண்மையைச் சொல்லாத வாயோடு, நான் போய் உட்கார்ந்தேன்.

தலைவாழை இலை. பதினொரு வகை. எதிரில் அழகுராஜாவின் அக்கா ரெங்கம்மாள். அந்த வீட்டில் தறி ஓடுவது மின்சாரத்தால். மற்றவை ஓடுவது அந்த அம்மையார் கண்ணால். நான்கு வாய் உண்டேன். ஐந்தாவது வாய்க்கு வயிறு கதவைச் சாத்தியது.

"என்னண்ணே, வச்சது வச்சபடி இருக்கு? எங்க வீட்டுச் சோறு எறங்கலையோ?"

"ரொம்ப நல்லாருக்கு தங்கச்சி."

"நல்லாருக்குன்னு வாய் சொல்லுது. எலை சொல்லலையே. பிள்ளையப் பிடிக்கலைன்னா நேராச் சொல்லிருங்கண்ணே, நாங்க ஒண்ணும் தப்பா எடுக்க மாட்டோம்."

மகன் முகம் வெளுத்தது. அந்த முகத்தைப் பார்த்தேன். எடுத்தேன் பாயசத்தை! குடித்தேன் ஒரே மூச்சில்! அதன்மேல் ஒரு ஜாங்கிரி! கூட்டத்தில் சிலர் தலையில் கை வைப்பதைப் பார்க்கிறேன். ஆம், உங்களுக்குத் தெரியும். இந்தச் சிகிச்சைக்குப் பின் சர்க்கரை நேரே குடலில் போய் விழுந்தால் என்ன ஆகும் என்று மாதங்கி அம்மையார் படம் போட்டுக் காட்டியிருக்கிறார். இருபது நிமிடத்தில் நெஞ்சு குதிரையாய் ஓடியது. வியர்வை வேட்டிவரை நனைத்தது. தரை தறியாய் ஆடியது. நெய்த துண்டுகளைக் கட்டுக்கட்டாய் அடுக்கியிருந்த தறிக் கொட்டகையில் என்னைப் படுக்க வைத்தார்கள். மேலே கவிழ்ந்த முகங்களில் ரெங்கம்மாளின் முகம்தான் முதலில் தெளிந்தது.

"நோய மறைச்சுல்ல சம்பந்தம் பேச வந்திருக்காக!"

அந்தக் கட்டுகளின் மேல் படுத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஆஸ்பத்திரி, கத்தி, கிண்ணம், காசி யாத்திரை, ஒன்றையும் விடவில்லை. என் வாழ்க்கையில் கைதட்டல் வாங்காத ஒரே சொற்பொழிவு அதுதான். முடித்தபோது ரெங்கம்மாள் சொன்னார்:

"வயிறு சின்னதா இருக்குறது குத்தமில்லண்ணே. வாய மூடிட்டு இருந்தீகளே, அதான் குத்தம். நாளைக்கு எங்க பிள்ள உங்க வீட்டுல முடியலன்னு படுத்தா, அதையும் 'வெளிய சொல்லிராத தாயி'ன்னு சொல்வீகளோ?"

பெரியோர்களே, பட்டிமன்றத்தில் முப்பது ஆண்டுகள் எதிரணியை மடக்கியவன் நான். அன்று எதிரணி சொன்னதே சரி என்று தலையாட்டினேன். சம்பந்தம் முறிந்துவிட்டது என்றே நினைத்தேன். அப்போது கதவோரம் நின்ற சத்யப்ரியா கேட்டாள்: "மாமா, ஒரு வேளைக்கு உண்மையிலேயே எம்புட்டுச் சாப்பிட முடியும்?"

"ஆறு கரண்டி தாயி. சின்னக் கரண்டி. நாற்பது நிமிசம் ஆகும்."

"அப்ப அடுத்த ஞாயித்துக்கெழம வாங்க. ஆறு கரண்டியே வைக்கிறோம். என்னத்தே, சரிதானே?"

அத்தை சரி என்று சொல்லவில்லை. "வரட்டும், பாப்போம்" என்றார். செல்லூரில் அது பாதிச் சம்மதம். இன்னொரு பாதி என் இலையில் இருந்தது.

வந்தது ஞாயிறு. என்ன வைப்பது என்று பெண் கேட்டனுப்பியிருந்தாள். முதலில் புரதம், முட்டை உத்தமம் என்று சொல்லியனுப்பினேன். "நல்ல காரியத்துக்கு முட்டையா?" என்று அத்தை மறுக்க, கெட்டிப் பாசிப்பருப்பும் பூசணிக் கூட்டும் குழைந்த சோறும் தயிரும் என்று உடன்பாடு ஏற்பட்டது. தறிகள் ஓயும் நாளாகையால் சந்து முழுவதும் வாசலில் திரண்டுவிட்டது. எதற்கு? ஒரு மனிதன் கொஞ்சமாகச் சாப்பிடுவதைப் பார்க்க! நிறையச் சாப்பிடுவதைப் பார்க்கக் கூட்டம் கூடுவதை நாடறியும். குறையச் சாப்பிடுவதற்குக் கூட்டம் கூடியது இதுவே முதல் முறை என்று அடித்துச் சொல்வேன்.

எதிர்வீட்டுச் சின்னச்சாமி திண்டில் ஏறி நின்று வர்ணனையே தொடங்கிவிட்டார். "ரெண்டாவது கரண்டி உள்ள போயிருச்சு! மெல்லுறாரு... இன்னும் மெல்லுறாரு... ஏய் பின்னாடி தள்ளாதீகப்பா, முழுங்கட்டும்!"

நான் விரைந்தேனா? இல்லை. வெட்கினேனா? இல்லை. வாய்க்கு இருபத்தைந்து, குறைத்தேனில்லை, கூட்டினேனில்லை. மூன்று ஆயிற்று, நான்கு ஆயிற்று, ஐந்து ஆயிற்று. முப்பத்தொன்பதாம் நிமிடத்தில் ஆறாவது கரண்டியும் இறங்கியது. சந்து ஒரு பெருமூச்சு விட்டது.

அப்போது எழுந்தார் ரெங்கம்மாள். உள்ளே போனார். ஒரு கிண்ணத்தோடு வந்தார். பாயசம்!

"அம்புட்டும் சரிண்ணே. எம் மரியாதைக்கு ஒரே ஒரு வாய்."

சின்னச்சாமியின் வர்ணனை நின்றது. மகன் கண்ணை மூடிக்கொண்டான். குடித்தால் மரியாதை, மறுத்தால் அவமதிப்பு என்றே நாற்பத்தைந்து ஆண்டுகள் நான் நம்பியிருந்தேன். முந்தின வாரம் அந்த நம்பிக்கையைத்தான் ஒரே மூச்சில் குடித்தேன். கிண்ணத்தைப் பார்த்தேன். அந்த அம்மையாரைப் பார்த்தேன். கை கூப்பிச் சொன்னேன்:

"வேணாம் தங்கச்சி. எனக்குப் போதும்."

ரெங்கம்மாள் அந்தக் கிண்ணத்தை எடுத்து, நின்றுகொண்டே, கடைசிச் சொட்டுவரை தாமே குடித்தார். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு தம்பியிடம் திரும்பினார். "முடியாததை முடியாதுன்னு சொல்ற வீடு. நம்ம பிள்ளையத் தாராளமா அனுப்பலாம். தட்டு மாத்த நாளப் பாருடா அழகுராஜா."

உறவு தொடரட்டும் என்று இலையை என்பக்கமாக மடித்தேன். செல்லூர் கைதட்டியது!

என் உறவுகளே! ஐம்பத்து நான்கு கிலோ குறைத்ததற்காக நான் மார் தட்டவில்லை. அதில் பாதிப் பெருமை டாக்டருக்கு. ஆனால் நூறு கண்கள் பார்க்க, நீட்டிய கிண்ணத்தின் முன்னே, போதும் என்று சொன்னேனே, அதை எந்தக் கத்தி கற்றுக்கொடுத்தது? அது என்னுடையது! முழுக்க முழுக்க என்னுடையது! இந்த மண்டபத்தில் அமர்ந்திருக்கும் உங்கள் ஒவ்வொருவருடையதும்! கல்யாண வீட்டில், காதுகுத்தில், கிடாவெட்டில், அன்பு என்னும் பெயரால் உங்கள் இலையை நிரப்ப வருவார்கள். ஒளியாதீர்கள், ஓடாதீர்கள், வயிற்றுவலி என்று பொய் சொல்லாதீர்கள். நிமிர்ந்து உட்காருங்கள். வயிறு எனதென்று சொல்லுங்கள். சிறிதென்று சொல்லுங்கள். சிறப்பென்றும் சொல்லுங்கள்!

தை மாதம் இருபத்திரண்டாம் நாள் வாடிப்பட்டியில் சூரியபிரகாஷுக்கும் சத்யப்ரியாவுக்கும் திருமணம். சங்கத்தார் அனைவரும் குடும்பத்தோடு வர வேண்டும். உங்களுக்கென்று தனிப்பந்தி, சின்ன இலை, சின்னக் கரண்டி. நாற்பது நிமிடம் யாரும் எழுப்ப மாட்டார்கள். பரிமாறும் பொறுப்பைச் சம்பந்தியின் அக்கா ரெங்கம்மாளே ஏற்றிருக்கிறார். உங்களைக் கேட்காமல் ஒரு பருக்கை விழாது என்று வாக்களித்திருக்கிறார். முதலில் சொன்ன அளவுக்கு மேல் கேட்பவர்கள் மட்டும் அவரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

இவ்வளவு நேரம் பசியோடும் பொறுமையோடும் கேட்ட அவைக்கு என் நெஞ்சு நிறைந்த நன்றி. மணவீட்டு வாசலில் சந்தனம் ஏந்தி, உங்கள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து வணங்கக் காத்திருக்கிறேன். வாருங்கள்!