தட்டச்சு செய்தவர்

— மூடாத தாயி, மூடாத. எழுத்தெல்லாம் கட்டங்கட்டமா தெரியுதுன்னு மூடிறாத. கம்ப்யூட்டர்ல தமிழ் ஃபான்ட் எறக்கிப் போட்டா சரியாப் போகும். போன தடவையும் இதத்தான சொன்னேன்.

— எழுத்து நல்லாத்தான் தெரியுது பாலம்மாக்கா. அதான் மூடணும்னு பாக்கேன்.

— ஏன், நீ கேட்ட பள்ளு நூல் இது இல்லையா?

— இதேதான். முழுசா இருக்கு, உரையோட இருக்கு. எம்.ஏ.க்கு வச்ச பாடம். விளாத்திகுளம் லைப்ரரியில கேட்டேன், மதுரைக் கடையில எல்லாம் கேட்டேன், அச்சுலயே இல்லைன்னுட்டாவ.

— பின்ன என்ன தாயி? காசா கேக்கான்? எங்கெங்கயோ இருக்குற தமிழ் ஆளுக, ரிட்டயர்டு வாத்தியாருகன்னு சேந்து, ஒவ்வொரு புஸ்தகமா டைப் அடிச்சி ஏத்தி வைக்காவ. யாரு வேணும்னாலும் எடுத்துப் படிக்கலாம். இதத் தேடிக் கண்டுபிடிக்க நீயும் நானும் என்ன பாடு பட்டோம். இரு, பிரிண்ட் போடுதேன்.

— வேண்டாம்கா. தலைப்புக்குக் கீழ பாருங்க. சின்ன எழுத்துல.

— எங்கண்ணுக்கு எங்க தெரியுது. "தட்டச்சு செய்தவர்: வள்ளித்தாய் செண்பகராஜ், ஓசூர்." புண்ணியவதி, நல்லா இருக்கட்டும். ஒனக்குத் தெரிஞ்சவளா?

— எங்கூடப் பெறந்தவ.

— ஒனக்கு ஒரு அண்ணன் மட்டும்னுல்ல சொன்ன?

— வெளிய அப்பிடித்தான் சொல்லணும். செத்துப் போயிட்டான்னு தலைமுழுகியாச்சி. செண்பகராஜ் சார் விளாத்திகுளத்துல டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வச்சிருந்தாவ. அக்கா அங்கன லோயர் பாஸ் பண்ணுனா, ஹையர் பாஸ் பண்ணுனா, அப்புறம் அவியளோட போயிட்டா. அவிய நம்ம ஆளுக இல்ல. அப்பாவும் சித்தப்பாவும் அருவாளத் தூக்கிட்டு ஊரு ஊராத் தேடுனாவ. இத்தன வருசமா எங்க இருக்கான்னு ஒருத்தருக்கும் தெரியாது. இங்க என்னன்னா ஊரு பேரோட போட்டிருக்கு.

— அடிச்சவுகளுக்கு அது ஒரு மரியாதை தாயி. சும்மா செய்யுத வேலைக்குப் பேராச்சும் வேணும்லா. பள்ளுப் பாட்ட யாரு வந்து தேடப் போறா?

— அவ பேரப் போட்டுத் தேடுனா இது வந்து நிக்குமாக்கா?

— அது... வரும். பேரு போட்டாலும் வரும்.

— எங்க சித்தப்பா மகன் சோலைச்சாமி தூத்துக்குடியில கம்ப்யூட்டர் படிக்கான்.

— ச்சே, கண்டதையும் நெனைக்காத. ஒரு வாய் தண்ணி குடி.

— இந்தப் பாட்ட இவ்வளவு நேரமா இங்கன ஒக்காந்து படிச்சிக்கிட்டு இருந்தேன். அவ வெரலு அடிச்சதுன்னு தெரியாமலே படிச்சிருக்கேன். மேல போய் பேரப் பாத்ததே இப்பத்தான். அக்கா, கண்ணாடி வழியா வெளிய பாருங்களேன். பைக்க நிறுத்துதானே, நீலச் சட்டை.

— யாரு அது?

— எங்கண்ணன். ஜெயபாண்டி. அருவாளோட போனவிய ஜீப்ப ஓட்டிட்டுப் போனதே அவன்தான். நான் கான்டாக்ட் கிளாஸ்னு சொல்லிட்டு வந்தேன். எனக்குக் கை ஓடல, எத அமுக்கணும்?

— நகரு, நான் மூடுதேன். பாத்த பக்கத்து அடையாளத்தையும் அழிச்சிட்டேன். நீ கேபினுக்குள்ளயே இரு, மூச்சு விடாத. வாங்க தம்பி. பிரவுசிங்கா, எஸ்டிடி பேசணுமா?

— எந்தங்கச்சி இங்கன இருக்கா.

— இங்க பொம்பளப் பிள்ளைக யாரும் இல்லையே தம்பி.

— செருப்பு வாசல்ல கெடக்குக்கா. ஏட்டி செல்வி, வெளிய வா.

— அண்ணே, பாடம் பாக்க வந்தேன். பரீட்சை வருதுல்லா, பொஸ்தகம் எங்கயும் கிடைக்கல, இதுல சும்மாவே கிடைக்குன்னு...

— தெறந்து காட்டு.

— மூடிட்டேன்.

— தெற. வள்ளி பேரு போட்டிருக்குற எடத்தத் தெற.

— எந்த வள்ளி?

— நடிக்காதட்டி. நேத்து சோலைச்சாமி வீட்டுக்கு வந்தான். இன்டர்நெட்டுல ஏதோ பாட்டுப் பொஸ்தகம் கெடக்காம், அதுல அவ பேரும் அந்த ஆளு பேரும் ஊரும் போட்டிருக்காம். வந்து அப்பாட்ட சொல்லிட்டான். காலையில என்ன சந்தைக்குப் பருத்தி ஏத்திட்டுப் போகச் சொன்னாவ. போய்ட்டு வந்து பாத்தா அப்பா இல்ல, சித்தப்பா இல்ல, சோலைச்சாமியும் இல்ல. கார் புடிச்சிப் போயிட்டாவ. அம்மா அடுப்படியில கெடக்கா. டிக்கியில என்னத்தச் சுத்தி வச்சாவன்னு கேட்டா, அருவா மாட்டுற ஆணியக் காட்டுதா.

— ஓசூருக்கா?

— ஊரு பேரு நான் சொல்லலையே. அப்ப நீ பாத்துட்ட.

— தம்பி, பிள்ளைய மெரட்டாதிய. ஓசூரு பெரிய ஊரு. அங்கன போய் யாருன்னு தேடுவாவ?

— டைப்ரைட்டிங் சொல்லிக் குடுக்குற செண்பகராஜ்னு கேட்டா கடைக்காரன் கையக் காட்டிருவான்க்கா. இந்நேரம் கரூர் தாண்டியிருப்பாவ. செல்வி, அவ நம்பரு அதுல இருக்கா?

— இல்ல.

— நல்லாப் பாரு.

— இருந்தாலும் தர மாட்டேன்.

— அவளுக்குச் சொல்லணும்ட்டி. வீட்ட விட்டு வெளியேறச் சொல்லணும்.

— நீயா? அன்னைக்கி அவளத் தேடித் திருப்பூருக்கு அப்பாவையும் சித்தப்பாவையும் ஜீப்புல ஏத்திட்டுப் போனது நீதான. இப்ப அவிய வீடு தெரியாம நடுவழியில நிக்காவ. நம்பர வாங்கி, செல்போன்ல அவியளுக்கு வழி சொல்லணும். அதுக்குத்தான வந்துருக்க?

— அப்பிடியா நெனைக்க என்னப் பத்தி?

— வேற எப்பிடி நெனைக்க? வீட்டுல அவ பேர எடுத்தா மொதல்ல எந்திரிச்சிப் போறவன் நீதான்.

— எனக்கு வெளக்கம் சொல்ல நேரம் இல்ல. இந்த அக்கா முன்னால சொல்லவும் முடியாது. கோவிச்சுக்காதிய அக்கா, ஒரு சொல்லு ஊருக்குள்ள போனா முடிஞ்சிது. செல்வி, நம்பர எனக்குக் காட்டாத. நீயே பேசு. இந்தா என் செல்போனு, பைக் சாவி, ரெண்டையும் நீயே வச்சுக்க. நான் எதிர்த்தாப்புல ரோட்டுல போய் நிக்கேன். உன் கண்ணுக்குத் தெரியுற மாதிரி நிக்கேன். சீக்கிரம் பேசு.

— போயிட்டாரு தாயி. நெசமாவே போய் நிக்காரு, வெயிலுக்குள்ள. தலையில ஒரு துண்டு கூட இல்ல.

— நம்பலாமாக்கா?

— எனக்கு என்ன தெரியும், ஒங்க வீட்டு ஆளு. ஆனா ஒண்ணு பாத்துக்கோ, நீ நம்புனாலும் நம்பாட்டாலும் கார் போய்க்கிட்டுத்தான் இருக்கு. அந்தப் பக்கத்தத் திரும்ப எடு. கடைசிக்குப் போ. பிழை இருந்தா சொல்லுங்கன்னு யாராவது பேரு போட்டிருப்பாவ.

— இருக்கு. ஒரு ஐயா பேரு, மெயிலு. மெயில் போட்டா எப்ப பாப்பாவளோ. அடியில போன் நம்பரும் இருக்குக்கா. மெட்ராஸ் நம்பரு.

— சொல்லு, நான் போடுதேன். அலோ, ஐயா, வணக்கம். கோவில்பட்டியில பிரவுசிங் சென்டர்ல இருந்து பேசுதேன். ஒங்க பள்ளு நூல் டைப் அடிச்சவுக வள்ளித்தாய்னு... ஆமா, அவுக நம்பர் வேணும். குடுக்கக் கூடாதா? நல்லதுய்யா, குடுக்காதிய. வேற யாரும் கேட்டாவளா? காலையில ஒரு பையனா? ஐயா, குடுத்துட்டியளா? குடுக்கல. சாமி, ஒங்க கையில தண்ணி வாங்கிக் குடிக்கணும். இப்ப ஒண்ணு செய்யுங்க. நீங்களே அந்த அம்மாவுக்குப் போனப் போடுங்க. தங்கச்சி இசக்கிசெல்வி இந்த நம்பர்ல நிக்கா, ஒடனே கூப்பிடச் சொல்லுங்க. உயிரு போற காரியம்யா. நம்பர எழுதிக்கிட்டியளா? அந்தப் பேரையும் பக்கத்துல இருந்து எடுத்துருங்க. புண்ணியமாப் போகும்.

— கூப்பிடுவாளாக்கா? என் பேரச் சொன்னா, அப்பாதான் பேச வைக்காருன்னு பயந்துற மாட்டாளா?

— பயந்தாலும் நல்லதுதான். பயந்தவ வீட்டுல ஒக்காந்திருக்க மாட்டா.

— அண்ணன் அங்கனயே நிக்கானா?

— நிக்காரு. இந்தப் பக்கந்தான் பாத்துக்கிட்டு நிக்காரு. அந்தா அடிக்கி, எடு தாயி.

— அலோ. அக்கா? நான்தான்... செல்விதான். கொரலு மாறிட்டா? அப்ப நான் சின்னப்பிள்ளை. அழாதக்கா, அழுறதுக்கு இப்ப நேரம் இல்ல. அப்பா ஓசூருக்கு வாராவ. சித்தப்பாவும் சோலைச்சாமியும் கூட. கார்ல. கரூர் தாண்டியிருப்பாவளாம். நெசமாத்தான் சொல்லுதேன். சார் எங்க? பிள்ளையா? ஒனக்குப் பிள்ளை இருக்கா? ஸ்கூல்ல இருந்து ஒடனே கூட்டுங்க. வீட்டுக்குத் திரும்பப் போகாதிய, எதையும் எடுக்காதிய. போலீஸ் ஸ்டேசனா? சரி, மொதல்ல அங்கன போங்க. அதுக்குப் பெறகு எங்க போறியன்னு எங்கிட்டயும் சொல்லாத. பாட்டு? படிச்சேன்க்கா. நல்லா அடிச்சிருக்க, ஒரு பிழை கூட இல்ல. அப்பா வாரது எப்பிடித் தெரியுமா? ஜெயபாண்டி அண்ணன்தான் வந்து சொன்னான். ஆனா அவன நம்ப முடியலக்கா, அவன்தான திருப்பூருக்கு... என்னது?

— என்ன சொல்லுதா? ஏன் தாயி இப்பிடி நிக்க?

— பாலம்மாக்கா, அண்ணனக் கூப்பிடுங்க.

— நெசமாவா?

— கூப்பிடுங்கக்கா. வெயில்ல நிக்க வேண்டாம்.

— தம்பி, ஏ தம்பி, உள்ள வாங்க. ஒங்களத்தான்.

— பேசிட்டியா? வெளியேறிருவாளா?

— சார் பிள்ளையக் கூட்டப் போயிட்டாவளாம். இவளும் தெருவுல ஒரு பூத்துல நின்னுதான் பேசுதா. வீட்டுக்குத் திரும்ப மாட்டா.

— அப்ப சரி. வையி போன. நேரத்த வீணாக்காதிய.

— வைக்க மாட்டாளாம். ரெஜிஸ்டர் ஆபீசுல பொண்ணு வீட்டுல இருந்து ஒத்த ஆளு கூட இல்லன்னு நின்னப்ப, சாட்சிக் கையெழுத்துப் போட்ட அண்ணன்கிட்ட குடுன்னு சொல்லுதா.