காலி இடத்துக்கு வழிவிட்ட ரோபோக்கள்

வானகரம் நிறுத்தத்தில் கிடங்கு வேலை முடிந்து ஏறிய இரண்டு பெண்கள் என் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். ஜன்னலோரத்தவள் உட்காரும்போதே கத்தினாள்.

“செத்துப்போன ரோபோவால தொல்லையே இல்லக்கா. பொய் சொல்ற ரோபோதான் என் வேலைக்கு ஒல வெச்சிது.”

“ரோபோ பொய் சொல்லுமாடி?”

“சொல்லும். ஒண்ணு நின்னுட்டா, மத்ததுங்க அதோட பெட்டிங்களையும் பங்கு போட்டுக்கினு ஓடும். ஆனா இந்தப் பொய் சொல்ற ரோபோ மூலையில நின்னுக்கினு, நடுவழியில கீறேன்னு மத்ததுங்களுக்குச் சொல்லுது. அதுங்களும் நம்பி, காலி இடத்துக்கு வழி வுட்டுக்கினு வரிசையா நிக்குது.”

“சூப்பர்வைசராண்ட சொல்ல வேண்டிதானே?”

“சொன்னேன். ‘ஸ்கிரீன்ல ரோபோவ நடுவழியிலதான் காட்டுது, நீதான் எதையோ நோண்டிட்ட, நாளைலேர்ந்து வராத’ன்றான்.”

“அடப்பாவி! நீ சும்மாவா வந்த?”

“சும்மாவா? அவன இட்டுக்கினு போயி அந்தக் காலி இடத்துலயே நிக்க வெச்சேன். ‘இப்ப நீ ரோபோ மேலயா நிக்கிற, சொல்லு’ன்னேன்.”

“இன்னா சொன்னான்?”

“ஒரு வாட்டி குனிஞ்சு காலப் பாத்தான்க்கா. அப்பால நிமிந்து, மறுபடியும் கையில வெச்சிருந்த ஸ்கிரீனத்தான் பாத்தான்.”