எட்டுப் பேரும் இரண்டு பேரும்

தேத்தண்ணி நன்றாக இருக்கிறது, டொக்டர். சாயம்தான் கொஞ்சம் கூடிவிட்டது. நான் என்றால் இலையைப் போட்டதும் அடுப்பை அணைத்துவிடுவேன். பல வருடம் வீட்டில் சமைத்தவன், அதனால் வாய் சும்மா இருக்காது. குறை நினைக்காதீர்கள்.

என்னைக் கூப்பிட்ட காரணம் தெரியும். போன வருடமே கழுத்து ஒப்பரேஷன் செய்திருக்கலாமே, ஏன் மறுத்தீர்கள் என்று என் மனைவி நஸீபாவிடம் கேட்டிருப்பீர்கள். பத்துப் பேருக்குச் செய்தால் எட்டுப் பேர் படுக்கையில் விழுவார்கள் என்று முந்தின டொக்டர் சொன்னார், அதனால் பயந்துவிட்டேன் என்று அவள் சொல்லியிருப்பாள். அவள் பொய் சொல்லவில்லை. அவள் காதில் விழுந்தது அதுதான். சொன்னது நான்.

நீங்கள் மலைநாட்டில் அட்டன் பக்கம் என்று நேர்ஸ் பிள்ளை சொன்னது. அதனால் எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். எங்கள் ஏறாவூரில் வீடு பெண்ணுடையது. கலியாணம் முடித்தவன் ஒரு பெட்டியோடு பெண்வீட்டுக்குப் போய் இருப்பான். சுவர் பூசுவான், கிணறு இறைப்பான், உடைந்த ஓடு மாற்றுவான். ஒத்துவராமல் போனால் வெளியே போகிறவனும் அவன்தான், அதே பெட்டியோடு. எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படி வெளியே வந்து இப்போது ஒரு கடைவாசலில் படுக்கிறார். அவரைக் கண்டால் நான் மற்றப் பக்கம் திரும்பிப் போய்விடுவேன்.

நஸீபா றியாத்துக்கு வீட்டு வேலைக்குப் போனபோது எங்கள் ஒரே மகள் றுக்ஷானா சின்னப் பிள்ளை. நான் குருநாகலில் ஒரு புடவைக் கடையில் நின்றேன். அந்த வேலையை விட்டுவிட்டு வந்து பிள்ளையைப் பார்த்தேன். தலை பின்னிவிட்டேன், வாவி றால் உரித்துக் கறி ஆக்கினேன், உடுப்புத் தோய்த்தேன். பொண்டாட்டி உழைப்பில் தின்கிறவன் என்று சந்தியில் பேசினார்கள். பேசட்டும் என்று இருந்தேன்.

பிள்ளை பதினாறு வயதில் சாதாரண தரப் பரீட்சை எழுதியதும் பள்ளிக்கூடத்தை நிறுத்தினேன். நன்றாகப் படித்தாள், அதை மறைக்கமாட்டேன். ஆனால் எனக்கும் களைப்பு வராதா? வீட்டில் இன்னொரு கை வேண்டாமா? இதைப் போனில் நஸீபாவுக்குச் சொல்லவில்லை, பிள்ளையையும் சொல்ல விடவில்லை. தூரத்தில் கிடப்பவளை ஏன் கவலைப்படுத்துவது. படிக்கிறாள், கெட்டிக்காரி, கம்பஸ் போவாள் என்று சொல்லிவந்தேன். அந்தச் சந்தோசத்தில் அவள் ஊருக்கு வருவதைத் தள்ளிப்போட்டு இன்னும் இரண்டு வருடம் நின்றாள். அந்த இரண்டு வருடமும் வேலை வீட்டில் கம்பளம் தூக்கித்தான் கழுத்துப் போனது என்பது அவள் கட்சி. வயதோடு எலும்பு தேய்வதுதான் என்றார் முந்தின டொக்டர். இந்த விசயத்தில் நான் டொக்டர் பக்கம்.

ஊருக்கு வந்து உண்மை தெரிந்ததும் அவள் சத்தம் போடவில்லை. என்னோடு பேச்சைக் குறைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். பிறகு கை விறைக்கத் தொடங்கியது. முக்காட்டில் பின்னூசி குத்த முடியவில்லை. பீங்கான் கைதவறி விழுந்தது. நடக்கையில் கால் தடுமாறியது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது கழுத்துக்குள் முள்ளந்தண்டு நரம்பு நெரிபடுகிறது என்றார்கள். அவளுக்குச் சுகம் வரவேண்டும் என்று நேர்ச்சை வைத்தவன் நான்தான், இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு பின்னேரம் அவளுடைய தங்கச்சி முப்லிஹா வந்திருந்தாள். நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அக்காவும் தங்கச்சியும் அறைக்குள் கதைத்தது தெளிவாகக் கேட்டது.

"கழுத்து சரியாகட்டும் புள்ள. மறுகா அந்த மனிசன்ட உடுப்பக் கட்டி வாசல்ல வெச்சிருவன். இப்ப கை ஏலாம இரிக்கன், அதான் பொறுத்துக்கிட்டு இரிக்கன்."

"அவருக்கிட்டச் செல்லிட்டியா ராத்தா?"

"ஏன் செல்லோணும்? எழும்பி நடந்தனெண்டா அவருக்கே விளங்கும்."

தேங்காயை முழுதாகத் துருவி முடித்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனேன். அங்கே நின்று அழுதேன். யாருக்காகக் கடை வேலையை விட்டேனோ, யாருடைய பிள்ளைக்குத் தலை பின்னினேனோ, அவள் என் கையால் சாப்பிட்டுக்கொண்டே எனக்குக் குழி பறிக்கிறாள். முகத்துக்கு நேரே திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சுகமாகும் வரைக்கும் என்னை வேலைக்காரனாக வைத்திருக்க நினைத்தாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

அடுத்த கிழமை கிளினிக். முந்தின டொக்டர் சிங்களவர், நல்ல மனிதர், தமிழ் வராது. மற்ற நாட்களில் நேர்ஸ் பிள்ளை மொழிபெயர்க்கும். அன்றைக்கு அந்தப் பிள்ளையை வேறு வார்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். உங்களுக்குச் சிங்களம் தெரியுமா என்று டொக்டர் என்னைக் கேட்டார். குருநாகலில் படித்த சிங்களம், ஓம் என்றேன். நஸீபாவுக்குத் தமிழும் அரபும் தவிர ஒன்றும் தெரியாது.

அவர் ஆறுதலாக விளங்கப்படுத்தினார். இவவுக்கு ஐம்பது வயது ஆகவில்லை, இந்தக் கழுத்து வருத்தம் தொடங்கி ஒரு வருடம் ஆகவில்லை, தன் காலிலேயே நடந்து வந்திருக்கிறா. இப்படியானவர்கள் பத்துப் பேருக்குச் செய்தால் எட்டுப் பேர் நன்றாகத் தேறுவார்கள். இரண்டு பேருக்கு நினைத்த பலன் கிடைக்காமல் போகலாம். செய்யாமல் விட்டால் கையும் காலும் போய்விடும், காலம் கடந்து செய்தால் போனது பெரிதாகத் திரும்பாது.

நஸீபா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னவாம்?"

"பத்துப் பேர்ல ரெண்டு பேருதான் தப்புவாங்களாம் புள்ள. எட்டுப் பேரு மறுகா எழும்பவே மாட்டாங்களாம். செய்யாட்டி இப்பிடியே காலத்த ஓட்டலாமாம்."

எண்களை நான் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. ஆட்களை இடம் மாற்றினேன், அவ்வளவுதான். கடைசி வசனம் மட்டும் என் சொந்தம். அவளிடமே கேட்காமல் டொக்டருக்குத் திருப்தியில்லை. அவளை நேரே பார்த்து, "ஒப்பரேஷன்?" என்று கேட்டார். வேண்டாம் என்று தலையை ஆட்டியது அவள். நான் அவள் தலையைப் பிடித்து ஆட்டவில்லை. இன்னொரு தரமும் கேட்டார், இன்னொரு தரமும் ஆட்டினாள்.

அடுத்த நோன்புப் பெருநாளைக்குச் சுவரைப் பிடித்து நடந்தாள். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு நான்தான் தூக்கி இருத்தினேன். சோறு பிசைந்து ஊட்டுகிறேன், கழுவிவிடுகிறேன், முக்காட்டில் பின்னூசி குத்திவிடுகிறேன். முதுகில் ஒரு புண் உண்டா? நீங்களே திருப்பிப் பார்த்தீர்கள். ஒருநாள் ஊட்டிக்கொண்டிருக்கும்போது அவள் அழுதாள். "ஒங்களப் பிழையா நினைச்சிட்டன். மாப் பண்ணுங்க. அல்லா ஒங்களுக்குக் கூலி தருவான்" என்றாள். மாப் பண்ணினேன். அன்றைக்குத்தான் எனக்கு மனம் ஆறியது. அதற்குப் பிறகு எங்களுக்குள் ஒரு சண்டை கிடையாது.

அப்படி இருந்த குடும்பத்தில்தான் இன்றைக்கு நீங்கள் முந்தின டொக்டரின் பழைய குறிப்பை எடுத்து அவளுக்குத் தமிழில் விளங்கப்படுத்தியிருக்கிறீர்கள். உங்கள் கடமை, செய்தீர்கள். சற்று முன்னர் றுக்ஷானா வார்டுக் கதவடிக்கு வந்தாள். "வாப்பா, நீங்க உள்ள வர வேணாமாம். வீட்டுக்கும் வர வேணாமாம். உம்மா செல்லச் சென்னா" என்றாள். பிள்ளை என் முகத்தைப் பார்க்கவில்லை. நஸீபா கோபத்தில் சொல்வதுதான். இரவில் அவளைப் புரட்டிப் படுக்கவைக்க என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? விடியுமுன் கூப்பிடுவாள். நான் வாசலில் இருப்பேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். காலையில், இதெல்லாம் தெரியவர முன்னர், என்னைத் தனியே கூப்பிட்டு, இனிச் செய்தாலும் கை கொஞ்சம் வரலாம், நடை திரும்புவது அரிது என்றீர்கள். இனி அவள் எழும்பி நடக்கமாட்டாள் என்று விளங்கியதும் நான் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். நீங்கள் என் தோளில் கை வைத்து ஆறுதல் சொன்னீர்கள்.

அது துக்கத்தில் வந்த அழுகை இல்லை, டொக்டர்.