சூட்டில் ஒரு கால் சுற்று

உங்கள் ஸ்டேஷனில் இந்த நாற்காலியின் ஒரு கால் ஆடுகிறது, சார். யாரோ அடியில் அட்டையை மடித்துச் செருகியிருக்கிறார்கள். திருகாணியை இறுக்கினால் ஒரு நிமிட வேலை. அட்டை வைக்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. போகட்டும், உட்கார்ந்துகொள்கிறேன்.

வெளியே பெஞ்சில் ஒருவர் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு, விபத்து நடந்ததிலிருந்து ஒன்பது நாளாக அழுதுகொண்டிருக்கிறாரே, அவர் என் தங்கையின் கணவர். கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறார். நேரில் மாப்பிள்ளை என்பேன். என் ஷெட்டில் எல்லோருக்கும் அவர் புரொபசர். அந்தப் பெயரை வைத்தது நான்தான், மரியாதைக்காக அல்ல.

விபத்தான வண்டி அவருடைய அப்பா விட்டுப்போனது. ஒற்றை சிலிண்டர், காற்றிலேயே குளிரும் பழைய இன்ஜின். இருபது வருஷமாக என் கையில்தான் ஓடியது. அதற்கு ஒரு நோயும் இல்லை. நோயெல்லாம் ஓட்டுகிறவரிடம்.

ஒருநாள் தங்கையையும் கூட்டிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தார். ஐந்தாறு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள்.

"மச்சான், இன்ஜின் ரொம்பக் கொதிக்குது. ஒரு ஆயில் கூலர் வச்சிடுங்க."

"கொதிக்கல மாப்ள. ரெண்டாவது கியர்லயே ஊரைச் சுத்தி வர்றீங்க. கியரை மாத்துங்க, தானா குறையும்."

"இல்ல மச்சான், வீடியோல காட்டுறான். பதினஞ்சு டிகிரி குறையுதாம்."

"வீடியோல காட்டினா எல்லாமே குறையும் மாப்ள. உங்க தொப்பையக் காட்டிப் பாருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். புரொபசருக்கு விடத் தெரியாது.

"நம்ம மச்சானுக்கு ஸ்பேனர் புடிக்கத் தெரியும், அவ்ளோதான்" என்றார் மற்றவர்களைப் பார்த்து. "சூடு எப்படி ஒரு பொருள்லேர்ந்து வெளிய போகுதுன்னு கேட்டுப் பாருங்க, திருதிருன்னு முழிப்பாரு."

இதற்கும் சிரித்தார்கள். என் நாற்காலியில் உட்கார்ந்து, என் செலவில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள். என் தங்கையும் சிரித்தாள். அவள் சிரித்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"கூலரை வாங்கிட்டு வாங்க மாப்ள, வச்சுடலாம்" என்றேன்.

வேண்டாவெறுப்பாகச் செய்தேன் என்று நினைக்காதீர்கள். அந்த மாதிரி வேலையை நீங்கள் வேறெங்கும் பார்க்க முடியாது. கூலர் என்பது சிலேட்டு அளவில் அலுமினியத் தகடுகள் அடுக்கிய ஒரு பெட்டி. இன்ஜினின் எண்ணெய் ஒரு குழாய் வழியாக அதற்குள் போய், எதிர்க்காற்றில் சூடு தணிந்து, இன்னொரு குழாய் வழியாகத் திரும்புகிறது. அவ்வளவுதான் விஷயம். இதற்குப் பட்டப்படிப்பு வேண்டியதில்லை. பிராக்கெட்டை நானே வளைத்துச் செய்தேன். அதிர்வு தாங்க ரப்பர் வாஷர் கொடுத்தேன். குழாய்கள் சைலன்சர் பக்கம் போகாமல் ஒதுக்கிக் கட்டினேன். கூலர் குடிக்கிற அளவுக்குக் கூடுதலாக எண்ணெய் ஊற்றினேன். மற்றவர்கள் மறப்பது இதைத்தான்.

என்னிடம் ஒரு வழக்கம் உண்டு. புதுக் குழாய் மூட்டின் நட்டைக் குளிர்ந்த நிலையில் இறுக்கினால் பாதி வேலைதான் முடிந்தது என்பேன். வண்டியை நானே அரைமணி ஓட்டி, எண்ணெய் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து, சூட்டோடு இன்னொரு கால் சுற்று இறுக்குவேன். அப்புறம்தான் அந்த நட்டின்மேல் மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு. கோடு இருந்தால் இந்த வட்டாரத்தில் எந்த மெக்கானிக்கும் அதில் ஸ்பேனர் வைக்க மாட்டான். என் கோட்டுக்கு அவ்வளவு மதிப்பு.

புரொபசரின் வண்டியை நான் ஓட்டிப் பார்க்கவில்லை. கோடு மட்டும் போட்டேன்.

இதை யாரும் கண்டுபிடிக்கவில்லை. உங்கள் நிபுணர், அந்த இஸ்திரி கலையாத சட்டைக்காரர், உடைந்த வண்டியைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். பக்கத்திலேயே நின்றேன். என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. கடைசியில் அறிக்கையில் என்ன எழுதினார் தெரியுமா? 'நட்டு சரியாக இறுக்கப்படவில்லை. பொருத்தியவருக்குப் போதிய தொழிலறிவு இல்லை.'

அறிக்கையின் நகலைக் கொண்டுவந்து காட்டியதே புரொபசர்தான்.

"தப்புத் தப்பா எழுதியிருக்கானுங்க மச்சான்" என்று என் தோளில் சாய்ந்து அழுதார். "உங்க வேலையில குறை வருமா? நான்தான் வேகமா போயிட்டேன். உங்க தங்கச்சிய நான்தான் கொன்னுட்டேன்."

எனக்காகச் சாட்சி சொல்ல வந்துவிட்டார், பாருங்கள். ஒரு நட்டுக்கும் போல்ட்டுக்கும் வித்தியாசம் தெரியாதவருடைய சாட்சி எனக்கு எதற்கு? அதனால்தான், யாரும் கூப்பிடாமலே, நானே கிளம்பி வந்தேன். தப்பாக எழுதியதைத் திருத்த வேண்டும்.

எழுதிக்கொள்ளுங்கள். அந்த நட்டு சரியாகத்தான் இறுக்கப்பட்டது. நான்தான் இறுக்கினேன். பிறகு நானே அரைச் சுற்று தளர்த்தினேன். அதன்மேல் கோடு போட்டேன். ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றும் ஆகாது. மேட்டில் ஏறி எண்ணெய் நன்றாகச் சூடானால் மூட்டு கழன்று, எண்ணெய் பின் டயரில் இறங்கும். மலைப்பாதையின் இரண்டாவது வளைவு என்று கணித்தேன். மூன்றாவதில் நடந்தது. அந்த ஒரு வளைவுப் பிசகை ஒப்புக்கொள்கிறேன். தொழில் தெரியாதவனால் இவ்வளவு பக்கத்தில் கணிக்க முடியுமா? உங்கள் சட்டைக்காரரைக் கேளுங்கள்.

தங்கையைப் பற்றிக் கேட்கிறீர்கள். அவள் கணக்கிலேயே இல்லை. புரொபசர் மலைமேல் இருக்கும் நண்பர்களிடம் கூலரைக் காட்டப் பெருமையாகத் தனியாகப் போவார் என்றுதான் நினைத்தேன். சனிக்கிழமை காலை வண்டியை எடுக்க வந்தபோது கூடவே வந்தாள். மேலே காற்று நன்றாக இருக்குமாம், அவளும் போகிறாளாம். துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"வரட்டாண்ணே? வெயில்ல நிக்காதீங்க, உள்ள போங்க" என்றாள்.

புரொபசருக்கு அந்த வண்டி ஒரே உதையில் கிளம்பாது. அன்று நாலு உதை உதைத்தார். ஆக, எனக்கு நேரம் இருந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் 'இறங்கு' என்றால் ஏன் என்று அவர் கேட்பார். என் கையால் செய்த மூட்டு தளர்ந்திருக்கிறது என்று அந்த ஆள் எதிரில் நான் எப்படிச் சொல்வது? ஆயுசுக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

தலையாட்டினேன். போனார்கள்.

ஏதாவது சாக்குச் சொல்லி அவளை மட்டுமாவது இறக்கியிருக்கலாமே என்று பார்க்கிறீர்கள். அதெல்லாம் எனக்கு வராது, சார். இருபத்தாறு வருஷத் தொழிலில் ஒருவரிடமும் நான் பொய் சொன்னதில்லை.